மருத்துவ ஆராய்ச்சியும் அரசாங்கக் காவலும்

நோய் தீர்த்தற்கு உறுப்புக்கள் நான்கென வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து ஊட்டுவோன் என்னும் இந்நான்கும் ஒருங்கு பொருந்தியவிடத்தே நோய் நீங்கும் என்பது அவர் துணிபு. இக்காலத்தில் இந்நான்கிற்கும் பின்னே, நோயாளியின் கண்ணுக்குப் புலப்படாத ஐந்தாம் உறுப்பொன்று நிற்கின்றது. அதுவே ஆராய்ச்சி. இன்ன நோய்க்கு இன்ன மருந்து இன்ன அளவிற் கொடுக்கத்தக்கது என்பதை வைத்தியர் தாமே பரிசோதித்து அறிந்தாரல்லர். எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் எவரோ சிலர் பல்லாண்டு முயன்று குறித்துவைத்த எண்களை நம்பியே அவர் மருந்தெழுதுகின்றார். அவ்வெண்கள் மெய்யாயின் நோயாளி பயன்பெறுவான். பொய்யாயின், வைத்தியரின் அறிவும் அன்புங்கூட அவனுக்குத் தீங்காய் முடிதல் கூடும்.

விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்பினது என்பர். ஒருவர் கண்ட முடிபை மற்றொருவர் மீளச் சோதிக்கும்போது பொய் வெளிப்படும் என்பது இதன் கருத்து. இக்கூற்றில் உண்மை உண்டு. வானத்து மீன்களின் தூரத்தை ஒருவர் பிழைபடக் கணித்தால், அதனைப் பத்தாண்டு கழித்துத் திருத்தினும் மீன்களுக்கு யாதொரு கேடுமில்லை. மருத்துவ ஆராய்ச்சியோ அத்தகையதன்று. திருத்தம் வந்து சேர்வதற்கு முன்னரே பொய்ம்முடிபு நோயாளியின் படுக்கையைச் சென்றடைந்துவிடும். மேலும், இவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி பொதுமக்கள் செலுத்தும் வரிப்பணத்தால் நடைபெறுகின்றது. ஆதலின், ஆராய்ச்சியாளரின் நேர்மையை மேற்பார்வை செய்தல் அரசாங்கத்தின் கடனா, கடனாயின் அதனை எவ்வாறு நிறைவேற்றுதல் தகும் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு நீண்டகாலம் விடைதேடிய நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டின் தேசிய சுகாதார நிலையங்கள் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,700 கோடி டொலரைத் தம் செலவுக்குப் பெற்றன. அதிற் பெரும்பங்கு நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் ஆராய்ச்சி மானியமாகச் சென்றது. இத்துணைப் பெருந்தொகையை வழங்கும் அரசாங்கம், அதனாற் கிடைக்கும் எண்கள் மெய்யோ பொய்யோ என வினாவக் கற்றுக்கொண்ட வரலாறு ஆராயத்தக்கது.

தொடக்கத்தில் இவ்வினா எழவேயில்லை. ஆராய்ச்சியாளர் கற்றோர், கற்றோர் பொய்யுரையார் என்னும் நம்பிக்கையே காவலாக அமைந்தது. 1974ஆம் ஆண்டில் இந்நம்பிக்கைக்கு ஓர் அதிர்ச்சி உண்டாயிற்று. நியூ யோர்க் நகரிலுள்ள சுலோன்-கெற்றரிங் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் சமர்லின் என்னும் வைத்தியர், ஓர் உயிரின் தோலை மற்றோர் உயிரிற் பொருத்தினும் அஃது உதிர்ந்துவிடாது நிலைக்கச்செய்யும் முறையைத் தாம் கண்டதாகக் கூறிவந்தார். வெள்ளெலிகளின் உடலிற் காணப்பட்ட கருந்தோற் பகுதிகள் அவர்தம் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அக்கருமை மைப்பேனாவாற் பூசப்பட்டது என்பதை ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் கண்டார். மதுசாரத்தால் துடைத்தபோது கருமை அகன்றது. நிலையத்தார் தாமே குழுவொன்றமைத்து விசாரித்தனர். சமர்லினின் மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததெனக் கூறி அவரைச் சம்பளத்துடன் விடுமுறையில் அனுப்பினர். அரசாங்கம் இதிற் பெரிதும் தலையிடவில்லை. ஒருவரின் மனநோயாக இச்செய்தி எண்ணப்பட்டதேயன்றி, காவல்முறையின் குறையாக எண்ணப்படவில்லை.

1981ஆம் ஆண்டின் மார்ச்சு மாத இறுதியில், பிரதிநிதிகள் சபையின் உபகுழுவொன்று அல்பேட் கோர் என்பாரின் தலைமையிற் கூடி இப்பொருளை விசாரித்தது. தேசிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்த பிலிப் ஹாண்ட்லர் அதன் முன் சாட்சியமளித்தார். இப்பிரச்சினை மிகைப்படுத்தப்படுகின்றதென்பதும், விஞ்ஞானிகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்வர் என்பதும் அவர்தம் நிலைப்பாடு. ஆயினும் சில வாரங்கள் கழிவதற்குள், ஹாவாட் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வுகூடமொன்றில் ஜோன் டார்சி என்னும் இளம் இருதய ஆராய்ச்சியாளர் சில மணிநேரத்தில் எடுத்த பதிவுகளைப் பல நாட்களில் எடுத்தவையெனக் குறித்ததை உடன்பணியாற்றியோர் கண்டனர். அஃது ஒருமுறை நிகழ்ந்த தவறேயென அவர் கூற, அதனை ஏற்று அவரைத் தொடர்ந்து வேலைசெய்ய விட்டனர். சில மாதங்களின் பின்னர், பல நிலையங்கள் கூடி நடாத்திய ஆராய்ச்சியொன்றில் அவர் அனுப்பிய எண்களும் ஐயத்துக்குரியனவாயின. 1983ஆம் ஆண்டில் தேசிய சுகாதார நிலையங்கள் அவருக்குப் பத்தாண்டுக்கு மானியந் தடைசெய்தன. நிறுவனங்கள் தம் புகழ் குன்றுமென அஞ்சித் தம்மவர் குற்றத்தைச் சிறிதாகக் காண்பதுண்டு என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்திற்று.

இவ்வனுபவங்களின் பயனாகவே 1985ஆம் ஆண்டில் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. சுகாதார ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், விஞ்ஞானப் பொய்மை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க ஓர் ஒழுங்குமுறை வைத்திருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நம்பிக்கையே காவலாக இருந்த காலம் இத்துடன் முடிவெய்தியது எனலாம்.

சட்டம் பிறந்த அவ்வாண்டுகளிலேயே, அதன் தேவையை எவரும் மறுக்கவொண்ணாதவாறு காட்டிய வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீபன் புரூனிங் என்னும் உளவியலாளர், மனவளர்ச்சி குன்றி விடுதிகளில் வாழ்ந்தோருக்குக் கொடுக்கப்படும் மருந்துகளைப் பற்றிப் பல கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். எத்தகைய மருந்து அவர்களுக்குத் தீது, எத்தகையது நன்று என அவர் வகுத்துரைத்தவற்றை மெய்யெனக்கொண்டு சிகிச்சைமுறைகளை வகுத்தோரும் உளர். அவருடன் சேர்ந்து பணியாற்றிய இலினோய்ப் பல்கலைக்கழகத்து ரொபேட் ஸ்பிறேக், அவருடைய பெறுபேறுகள் நம்பவியலாத அளவுக்கு ஒழுங்காயிருத்தல் கண்டு ஐயுற்று, 1983ஆம் ஆண்டின் இறுதியில் தேசிய உளநல நிலையத்துக்கு எழுதினார். முடிவான அறிக்கை வெளிவந்தது 1987ஆம் ஆண்டிலேயே. புரூனிங் கூறிய ஆராய்ச்சிகளுட் பல அவர் கூறியவாறு நடத்தப்படவேயில்லை என்று அது கண்டது. 1988ஆம் ஆண்டில் அவர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆராய்ச்சிப் பொய்மைக்காக அமெரிக்க சமஷ்டி நீதிமன்றத்திற் குற்றவாளியாக்கப்பட்ட முதல் விஞ்ஞானி அவரே என்பர். மறுத்துரைக்க வாயற்ற மக்களுக்கு மருந்தளித்தல் இவ்வழக்கின் பொருளாதலின், மூன்றாண்டுக்கு மேற்பட்ட தாமதம் எத்துணைக் கொடியது என்பது சொல்லாமலே விளங்கும்.

1989ஆம் ஆண்டில் அரசாங்கம் இரு காரியாலயங்களை நிறுவியது. ஒன்று தேசிய சுகாதார நிலையங்களுள்ளே இருந்து விசாரிப்பது. மற்றொன்று அவ்விசாரணையை மேலிருந்து பரிசீலிப்பது. மானியம் வழங்கும் நிலையமே மானியம் பெற்றோரின் குற்றத்தையும் விசாரித்தல் முறையன்று என்னும் கண்டனம் எழுந்தமையால், 1992ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு ஆராய்ச்சி நேர்மைக் காரியாலயம் என்னும் பெயர் பெற்றன. 1993ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனைச் சுகாதார, மானிட சேவைத் திணைக்களத்தினுள் தனிநிலை பெற்ற உறுப்பாக்கியது.

காவலன் தோன்றினான், ஆயின் காவலனும் பிழைசெய்தல் கூடும் என்பதைக் காட்ட மற்றொரு வழக்கு முன்னரே காத்திருந்தது. 1986ஆம் ஆண்டில் நிர்ப்பீடனவியல் பற்றிய கட்டுரையொன்று புகழ்பெற்ற சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதனை எழுதினோருள் நோபெற் பரிசு பெற்ற டேவிட் பால்ரிமோரும், தெரேசா இமனிஷி-காரியும் அடங்குவர். இமனிஷி-காரியின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மார்கொற் ஓடூல் என்னும் பெண்மணி, குறிப்பேட்டின் 17 பக்கங்களிற் கண்டவை கட்டுரையிற் கூறப்பட்டதனோடு பொருந்தவில்லையென முறையிட்டார். பல்கலைக்கழகங்கள் அதனைக் கருத்து வேறுபாடெனக் கொண்டன. பின்னர் ஜோன் டிங்கெல் என்னும் காங்கிரஸ் உறுப்பினர் தலைமைதாங்கிய உபகுழு இதனை எடுத்துக்கொண்டது. கள்ளநோட்டைக் கண்டறியும் இரகசியச் சேவையினர் ஆய்வுக் குறிப்பேடுகளின் மையையும் தாளையும் சோதிக்க அழைக்கப்பட்டனர். 1991ஆம் ஆண்டில் முடிவுறாத அறிக்கை முன்கூட்டியே கசிந்து பத்திரிகைகளில் வெளியாயிற்று. தாம் பொய்செய்ததாகக் குற்றஞ்சாட்டப்படாதிருந்தும், இமனிஷி-காரிக்குத் துணைநின்ற பால்ரிமோர் அவ்வாண்டின் இறுதியில் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத் தலைமைப் பதவியைத் துறக்க நேர்ந்தது.

1994ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நேர்மைக் காரியாலயம் இமனிஷி-காரியை 19 குற்றச்சாட்டுக்களிலும் குற்றவாளியெனக் கண்டு, பத்தாண்டு மானியத்தடையை விதிக்கத் துணிந்தது. அவர் திணைக்களத்தின் மேன்முறையீட்டுச் சபையை நாடினார். அங்கேதான் அவருக்கு முதன்முறையாகச் சாட்சிகளைக் குறுக்குவிசாரணை செய்து, தமக்கெதிரான சான்றுகள் அனைத்தையும் கண்டு விடைகூறும் வாய்ப்புக் கிட்டியது. 1996ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அச்சபை, ஒரு குற்றச்சாட்டேனும் நிறுவப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. முறைப்பாடு எழுந்து பத்தாண்டுகள் கழிந்தபின் வந்த தீர்ப்பு இது. குற்றஞ்சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் தத்தம் வாழ்வின் நல்லாண்டுகள் பலவற்றை இவ்வழக்கில் இழந்தனர். விசாரணையின் நோக்கம் நன்றாயிருத்தல் மட்டும் போதாது, அதன் முறையும் நீதியுடையதாயிருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அரசாங்கம் இதன்வழிக் கற்றது.

அதே காலத்தில், மறைவும் தாமதமும் நோயாளரை எவ்வாறு வருத்தும் என்பதனை வேறொரு வழக்குக் காட்டிற்று. மார்பிற் புற்றுநோய் கண்ட பெண்ணின் மார்பு முழுவதையும் அகற்றல் வேண்டுமா, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தல் போதுமா என்பதைப் பல வைத்தியசாலைகள் கூடி ஆராய்ந்தன. கட்டியை மட்டும் அகற்றினும் ஆயுளிற் குறைவில்லை என்பது முடிபு. இம்முடிபை நம்பி எண்ணிறந்த பெண்கள் தம் சிகிச்சையைத் தெரிந்தெடுத்தனர். இவ்வாராய்ச்சிக்கு நூற்றுக்குப் 16 பேர் வீதம் நோயாளரைச் சேர்த்தளித்தது கனடாவின் மொன்றியல் நகரத்திலுள்ள சென்-லூக் வைத்தியசாலை. அங்கே பணியாற்றிய ரொஜே புவாசோன் என்னும் சத்திரவைத்தியர், சேர்க்கத் தகுதியற்ற நோயாளரைச் சேர்க்கும் பொருட்டுத் திகதிகளையும் பிற விவரங்களையும் மாற்றியெழுதியிருந்தார். 1977 முதல் 1990 வரையிலான காலத்தில் 115 இடங்களில் இவ்வாறு செய்யப்பட்டமை கண்டறியப்பட்டது.

இம்மாற்றங்கள் பற்றிய ஐயம் 1990ஆம் ஆண்டிலேயே எழுந்தது. 1991இல் அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1993இல் ஆராய்ச்சி நேர்மைக் காரியாலயம் புவாசோனைக் குற்றவாளியெனக் கண்டது. ஆயினும் 1994ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சிக்காகோப் பத்திரிகையொன்று வெளியிட்ட பின்னரே பொதுமக்கள் இதனை அறிந்தனர். அவ்வைத்தியசாலையின் எண்களை முற்றாக நீக்கி மீளக் கணித்தபோதும் பழைய முடிபே நிலைத்தது என்பது 1995ஆம் ஆண்டில் முறையாக வெளியிடப்பட்டது. ஆகவே சிகிச்சை பிழையன்று. எனினும் இடைப்பட்ட காலத்தில், தாம் தெரிந்தெடுத்த வழி தவறோவெனக் கலங்கிய பெண்களின் துயரத்துக்கு யார் விடைகூறுவர்? மீளாய்வின் முடிபும் குற்றத்தின் செய்தியும் ஒருங்கே வெளிவந்திருப்பின் அக்கலக்கத்திற் பெரும்பகுதி நேர்ந்திராது. மேற்பார்வை என்பது குற்றவாளியைத் தண்டித்தலோடு அமையாது. பாதிக்கப்பட்ட ஆராய்ச்சியைத் திருத்தி, அதனை நம்பியோருக்குக் காலந்தாழ்த்தாது அறிவித்தலையும் அது தன்னுள் அடக்கும்.

இவ்வழக்குகள் யாவற்றையும் கடந்தபின்னரே எது குற்றம் என்பதற்குத் தெளிவான வரைவிலக்கணம் அமைந்தது. 1989ஆம் ஆண்டு விதிகள், விஞ்ஞானிகள் பொதுவாக ஏற்ற வழக்கத்தினின்றும் பெரிதும் விலகுதலையும் குற்றமெனக் கொண்டிருந்தன. புதுவழி காண்போன் பழவழக்கினின்றும் விலகவே செய்வான். அவனைக் குற்றவாளியாக்குதல் அறிவு வளர்ச்சிக்குத் தடையாகும் என விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 2000ஆம் ஆண்டிற் சமஷ்டி அரசாங்கம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட கொள்கை, குற்றத்தை மூன்றாக வரையறுத்தது. இல்லாததை உண்டெனப் புனைதல் ஒன்று; உள்ளதைத் திரித்தல் அல்லது மறைத்தல் மற்றொன்று; பிறர் கருத்தையோ எழுத்தையோ தமதெனக் காட்டல் மூன்றாவது. 2005ஆம் ஆண்டிற் சுகாதார ஆராய்ச்சிக்கான விதிகளும் இதனைத் தழுவியமைந்தன. நேர்மையாக நிகழ்ந்த பிழையும் கருத்து வேறுபாடும் குற்றமாகா. வேண்டுமென்றோ, அறிந்தோ, விளைவைக் கருதாத அசட்டையாலோ செய்யப்பட்டதெனச் சான்றுகளின் மிகுதிப்பாடு காட்டினாலன்றி எவரையும் குற்றவாளியெனக் கொள்ளலாகாது.

விசாரணை நடைபெறும் ஒழுங்கும் நோக்கத்தக்கது. முறைப்பாடு கிடைத்ததும் நிறுவனம் அதனை முதலில் மதிப்பிடுகின்றது. அதில் ஆராயத்தக்க பொருள் உண்டெனக் கண்டால் பூர்வாங்க விசாரணையும், போதிய ஆதாரம் கிடைப்பின் முழுவிசாரணையும் தொடரும். குறிப்பேடுகள், கணினிப் பதிவுகள் முதலியன முன்னரே கைப்பற்றிப் பாதுகாக்கப்படுகின்றன. முடிவில் நிறுவனத்தின் அறிக்கை ஆராய்ச்சி நேர்மைக் காரியாலயத்துக்குச் செல்லும். அது சான்றுகளை மீளாய்ந்து, நிறுவனத்தின் முடிபை ஏற்பதோ மேலும் விளக்கங்கோருவதோ செய்யும். தானே நேரிற் சென்று துப்பறியும் பொறுப்பை 1999ஆம் ஆண்டின் சீர்திருத்தம் அக்காரியாலயத்தினின்றும் அகற்றி, மேற்பார்வையும் கல்வியூட்டலுமே அதன் முதன்மைப் பணியென வகுத்தது. குற்றம் நிறுவப்பட்டால் பெயர் அரசாங்க வெளியீட்டில் அறிவிக்கப்படும்; குறித்த ஆண்டுகளுக்கு மானியந் தடுக்கப்படும், அல்லது ஆராய்ச்சி பிறர் கண்காணிப்பில் நடத்தப்படும். 2024ஆம் ஆண்டில் இவ்விதிகள் மீண்டுந் திருத்தப்பட்டன. பூர்வாங்க விசாரணைக்கு 60 நாட்களாயிருந்த தவணை 90 ஆகவும், முழுவிசாரணைக்கு 120 நாட்களாயிருந்த தவணை 180 ஆகவும் நீட்டப்பட்டன. நிறுவனங்கள் 2026 ஜனவரி 1 முதல் இவற்றைக் கைக்கொள்ள வேண்டுமென விதிக்கப்பட்டது.

மானியத்தடை போதிய தண்டனையாகாதெனக் கருதப்பட்ட வழக்குகளும் உள. வேமொன்ற் பல்கலைக்கழகத்து எரிக் போல்மன், பெண்களின் முதுமையும் உடலமைப்பும் பற்றிய எண்களைத் திரித்து, 17 மானிய விண்ணப்பங்களிற் பொய்யுரைத்து 29 இலட்சம் டொலர் பெற்றவர். அவரிடம் பணியாற்றிய இளம் உதவியாளரொருவரே 2000ஆம் ஆண்டில் அப்பொய்யை வெளிப்படுத்தினார். 2006ஆம் ஆண்டிற் போல்மனுக்கு ஓராண்டும் ஒருநாளும் சிறைத்தண்டனை கிடைத்தது; ஆயுள்முழுதும் மானியந் தடுக்கப்பட்டது. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து டொங்-பியூ ஹான், எயிட்ஸ் நோய்க்குத் தடுப்பூசி தேடும் ஆராய்ச்சியில், முயல்களின் இரத்தத்தில் மனிதப் பிறபொருளெதிரிகளைக் கலந்து, தடுப்பூசி பயனளித்ததாகக் காட்டினார். அவருக்கு முதலில் விதிக்கப்பட்டது மூன்றாண்டு மானியத்தடை மட்டுமே. இது மிகக் குறைவென மேற்சபை உறுப்பினரொருவர் கண்டித்ததன் பின்னர் வழக்கு நீதிமன்றம் சென்றது. 2015ஆம் ஆண்டில் 57 மாதச் சிறையும் 72 இலட்சம் டொலர் மீளளிப்பும் விதிக்கப்பட்டன.

நிறுவனங்களும் பொறுப்பினின்றும் தப்பவில்லை. உள்நாட்டுப் போரின்போது அரசாங்கத்தை ஏமாற்றிய வணிகரை அடக்க 1863ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கத்தின் சார்பில் தனிமனிதரும் வழக்கிட்டு, மீளும் பணத்தில் ஒரு பங்கைப் பெற அச்சட்டம் இடமளிக்கின்றது. அதன்கீழ் டியூக் பல்கலைக்கழகத்தின் மீது முன்னாள் ஊழியரொருவர் வழக்குத் தொடுத்தார். சுவாசப்பை பற்றிய ஆராய்ச்சிகளிற் பொய்யெண்கள் சேர்ந்திருந்தமை அவ்வழக்கின் பொருள். 2019ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் 11 கோடியே 25 இலட்சம் டொலர் செலுத்த இசைந்தது. தம்மவர் குற்றத்தைக் காணாதிருத்தல் இலாபமன்று, பெருநட்டமே என்பதை ஏனைய நிறுவனங்களும் இதனால் உணர்ந்தன.

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் குறைகள் ஒழிந்தன என்றல் பொருந்தாது. ஆராய்ச்சி நேர்மைக் காரியாலயத்தின் அதிகாரம் அமெரிக்கப் பொதுச்சுகாதாரச் சேவையின் பணத்தைச் சார்ந்த ஆராய்ச்சிகளுக்கே உரியது; தனியார் பணத்தால் நடப்பவற்றுக்கு அது செல்லாது. முதல் விசாரணையை நடத்துவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் நிறுவனமே ஆதலின், டார்சியின் காலத்தில் தோன்றிய ஐயம் இன்றும் முற்றாக அகலவில்லை. பிற நாடுகள் வேறு வழிகளை நாடியுள்ளன. டென்மார்க் 1992ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆராய்ச்சிப் பொய்மையை விசாரிக்கத் தேசியக் குழுவொன்றை அமைத்தது. சுவீடன் 2020ஆம் ஆண்டு முதல் இவ்வழக்குகளைப் பல்கலைக்கழகங்களின் கையினின்றும் எடுத்துத் தனித் தேசியச் சபையொன்றிடம் ஒப்படைத்தது. எவ்வழி சிறந்ததென்பதற்கு முடிந்த முடிபு இல்லை.

எனினும் இவ்வரலாறு முழுவதையும் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். எலியின் தோலில் இருந்தது மையென முதலிற் கண்டவர் ஓர் உதவியாளர். டார்சியின் பதிவுகளை ஐயுற்றவர் உடன்பணியாற்றியோர். புரூனிங்கைப் பற்றி எழுதியவர் அவர்தம் கூட்டாளி. போல்மனை வெளிப்படுத்தியவர் அவரிடம் தொழில் கற்ற இளைஞர். இவ்விடங்களிலெல்லாம் பொய்யை முதலிற் கண்டது அரசாங்கமன்று. அருகிலிருந்து கண்ட ஒரு மனிதரே. ஆதலின் அரசாங்கக் காவலின் பயன் யாதெனின், அம்மனிதர் அஞ்சாது பேசுதற்கு இடமளித்தலும், பேசியதனை நடுநிலையில் நின்று ஆராய்தலும், குற்றமற்றவரை அவதூறினின்றும் காத்தலும், முடிபைத் தாமதமின்றி நோயாளருக்கு அறிவித்தலுமாம். இவற்றுள் ஒன்று குறையினும் காவல் பழுதுபடும் என்பதற்கு மேற்கூறிய வழக்குகளே சான்று.

எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும் வேளையில் ஆராய்ச்சியாளரின் பக்கத்தில் எந்த அதிகாரியும் நிற்பதில்லை. அவர் எழுதும் எண் ஒருநாள் முன்பின் அறியாத ஒரு நோயாளியின் மருந்தளவாக மாறும். ஆய்வுகூடங்களிற் புகவிருக்கும் மாணவர், சோதனையின் விடை எதிர்பார்த்தவாறு வராதபோது வந்ததனையே எழுதும் பழக்கத்தைப் பாடசாலையிலேயே கைக்கொள்வராயின், விதிகளும் விசாரணைச் சபைகளும் செய்யவேண்டிய வேலை பெரிதும் குறையும்.